இறந்தோர் விட்டுச் சென்றவை: ஹுதா லுத்ஃபியின் ஒட்டுச் சித்திரக் கண்காட்சிகளை முன்வைத்து

ஃபராயிள் எனப்படும் வாரிசுரிமைக் கலையைக் கற்பிக்கும் கிதாபுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் தொடங்குகின்றன. இறந்தவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து முதலில் கஃபன் மற்றும் அடக்கச் செலவு, அடுத்து கடன், அதற்கடுத்து வஸிய்யத், எஞ்சியது வாரிசுகளுக்கு. இதன் பின்னர் பாதி, கால், எட்டிலொன்று எனப் பங்குகளின் கணக்கு விரிகிறது. அரபுக் கல்லூரி மாணவர்கள் இக்கணக்கில் தேர்ச்சி பெறப் பெரிதும் உழைக்கின்றனர். ஆயினும் கணக்குத் தொடங்குமுன் நிகழ்ந்தாக வேண்டிய ஒரு பணியைப் பற்றி நமது பாட நூல்கள் அதிகம் பேசுவதில்லை. இறந்தவரின் இல்லத்துக்குள் ஒருவர் செல்ல வேண்டும். சாட்சிகள் உடனிருக்க வேண்டும். பாய், போர்வை, செம்பு, கிழிந்த அங்கி என ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். பங்கு பிரிப்பது கணிதம். பொருளைப் பார்த்து எழுதுவதோ சாட்சியம்.

இச்சாட்சியம் எப்படி எழுதப்பட்டது என்பதை அறிய வரலாறு நமக்கு ஓர் அரிய வாய்ப்பைத் தந்துள்ளது. பைத்துல் முகத்தஸ் ஹரம் வளாகத்திலுள்ள இஸ்லாமிய அருங்காட்சியகத்தில் 1974 முதல் 1976 வரையான காலத்தில் ஏறத்தாழ 900 பழைய ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி மம்லூக் ஆட்சிக் காலமான 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அவற்றில் நானூறுக்கும் மேற்பட்டவை, இறந்தவர்களும் இறக்கும் தறுவாயில் இருந்தவர்களும் விட்டுச் சென்ற பொருள்களின் பட்டியல்கள். அமீர்களின் வரலாற்றை இப்னு தக்ரீ பிர்தீ போன்றோர் எழுதினர். ஆனால் குத்ஸ் நகரின் ஒரு வாடகை அறையில் நோயுற்றுக் கிடந்த யாத்ரீகப் பெண்ணிடம் எத்தனை தலைத்துணிகள் இருந்தன என்பதைச் சொல்ல இத்தகைய பட்டியலே வேண்டும்.

இந்த ஆவணங்கள் பெரிதும் ஆராயப்பட்ட இடம் கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகம். அங்கு இச்சொத்துப் பட்டியல்களையே முதன்மை ஆதாரமாகக் கொண்டு 1983இல் முனைவர் பட்டம் பெற்ற எகிப்தியப் பெண்மணி ஹுதா லுத்ஃபி. 1948இல் கெய்ரோவில் பிறந்தவர். அவரது ஆய்வு மம்லூக் கால குத்ஸைப் பற்றிய நூலாக 1985இல் பெர்லினில் வெளிவந்தது. பின்னர் கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் இஸ்லாமிய வரலாறு கற்பித்தார். மத்தியகால முஸ்லிம் சமூக வரலாற்றில் ஈடுபாடுள்ளோர் அவரை இவ்வகையிலேயே அறிந்திருக்கக் கூடும்.

ஆனால் 1990களிலிருந்து அவர் வேறொரு துறையிலும் அறியப்படுகிறார். எந்தக் கலைக் கல்லூரியிலும் பயிலாத அவர், கெய்ரோவின் பழம்பொருள் சந்தைகளில் கிடைத்த புகைப்படங்கள், பொம்மைகள், குப்பிகள், மரக்கட்டைகள் ஆகியவற்றை வெட்டியும் ஒட்டியும் எழுத்துத் தீட்டியும் படைப்புகளாக்கினார். கொலாஜ் எனப்படும் ஒட்டுச் சித்திரத்திலும், பல்வகைப் பொருள்களை ஒன்றிணைக்கும் கலப்பு ஊடகத்திலும் இன்று அரபுலகின் குறிப்பிடத்தக்க கலைஞர்களுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார்.

வரலாற்றாசிரியர் ஒருவர் நடுவயதில் கலைஞரானார் என்றே இது பொதுவாகச் சொல்லப்படுகிறது. நாம் இதனை வேறு விதமாகப் பார்க்கிறோம். அவர் தொழிலை மாற்றவில்லை. காகிதத்தில் எழுதப்பட்ட பட்டியலிலிருந்து, எழுதப்படாத பட்டியலுக்குச் சென்றார். அவருடைய கண்காட்சிகளைச் சொத்துப் பட்டியல்களாக வாசித்தால் அவற்றின் வலிமையும் தளர்ச்சியும் ஒருங்கே விளங்கும் என்பது நமது கருத்து. இது நமது வாசிப்பேயன்றி அவர் கூறிய விளக்கமன்று. அக்கண்காட்சிகளை அச்சில் வெளிவந்த படங்கள், பதிவுகள் வாயிலாகவே நாம் அறிவோம் என்பதையும் வாசகர் கருத்திற்கொள்ள வேண்டும்.

ஒட்டுதலின் வம்சாவளி

ஒட்டுச் சித்திரம் ஐரோப்பியரின் கண்டுபிடிப்பு என்று கலை வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. பிக்காஸோவும் பிராக்கும் 1912இல் செய்தித்தாள் துண்டுகளையும் அச்சிட்ட துணியையும் ஓவியத்தில் ஒட்டியது அதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 'கொலாஜ்' என்னும் சொல்லும் ஒட்டுதலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்ததே. நவீன ஓவியத்தின் அளவில் இக்கூற்று சரியானதே. ஆனால் வெட்டிய துண்டுகளைச் சேர்த்துப் புதிய பொருள் காணும் வழக்கம் முஸ்லிம்களின் நூற்கலையில் அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முந்தியது.

பாரசீக, துருக்கிய, முகலாய அரசவைகளில் 'முரக்கஃ' என்றொரு வகை ஏடு இருந்தது. வெவ்வேறு காலத்து எழுத்தணிக் கலைஞர்களின் துண்டுகளையும் சிற்றோவியங்களையும் ஒரே பக்கத்தில் ஒட்டி, சுற்றிலும் விளிம்பணி தீட்டித் தொகுத்த ஏடு அது. உஸ்மானியர் காலத்தில், எழுத்தையே காகிதத்திலிருந்து கத்தியால் வெட்டி எடுத்து மற்றொரு தாளில் ஒட்டும் தனிக்கலை தழைத்தது. இங்கு சொல்லாராய்ச்சி ஒன்று பயன் தரும். 'ருக்ஆ' என்றால் ஒட்டுத்துணி. காகிதத் துண்டையும் அச்சொல் குறிக்கும். ஒட்டுப் போட்டுத் தைத்த ஸூஃபிகளின் அங்கிக்கு 'முரக்கஆ' என்று பெயர். ஏட்டின் பெயரும் ஏழையின் அங்கியின் பெயரும் ஒரே வேரில் பிறந்தவை. கிழிந்ததை எறியாமல் அதற்கு இடம் கொடுப்பது என்பது இரண்டுக்கும் பொது.

இப்னு அரபியின் சிந்தனையில் பெண்மைக் கூறு பற்றி 1985இல் கட்டுரை எழுதிய ஹுதா லுத்ஃபிக்கு இம்மரபு அந்நியமன்று. அவர் படைப்புகளில் ஃபிர்அவ்ன் காலச் சின்னங்கள், கிப்தியக் கிறித்தவ முகங்கள், அரபு எழுத்தணி, இந்திய உருவங்கள் யாவும் அருகருகே அமர்கின்றன. ஐரோப்பிய ஒட்டுச் சித்திரம் பெரும்பாலும் பழைய ஒழுங்கைக் குலைக்க வெட்டியது. இவருடைய கத்தரிக்கோல் கலைந்து கிடப்பதைச் சேர்த்து வைக்கவே வெட்டுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் அவரை மேற்கின் மாணவியாக மட்டும் காண்பது குறைவான பார்வையே.

உருவங்கள் பற்றிய வினா

இவ்விதழின் வாசகர் பலரது உள்ளத்தில் இந்நேரம் எழுந்திருக்கும் வினாவைக் கடந்து செல்வது நேர்மையாகாது. உயிருள்ளவற்றின் உருவங்களைப் பயன்படுத்தும் கலையைப் பற்றி, மத்ரஸாவில் ஓதிய ஒருவர் எழுதலாமா? தஸ்வீர் குறித்த ஹதீஸ்கள் கடுமையானவை. முழு உருவச் சிலைகள் விஷயத்தில் நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை இமாம்களின் நிலை யாவரும் அறிந்தது. அதனைத் தளர்த்திக் கூற நமக்கு உரிமையுமில்லை, விருப்பமுமில்லை.

ஆனால் அதே ஃபிக்ஹு மரபு நுட்பமான வேறுபாடுகளையும் பேணியுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட உருவத்திரையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தபோது, அன்னையார் அதனை வெட்டித் தலையணையாக்கிய செய்தி ஸஹீஹான நூல்களில் உள்ளது. இதனைக் கொண்டு, உயர்த்தி வைக்கப்படும் உருவத்துக்கும் சாதாரணப் புழக்கத்தில் கிடக்கும் உருவத்துக்கும், முழுமையான உருவத்துக்கும் வெட்டுண்ட உருவத்துக்கும் இடையே ஃபுகஹாக்கள் வேறுபாடு கண்டனர். முதல் உலகப் போர்க் காலத்தில் எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) புகைப்படம் அனுமதிக்கப்பட்டது என நிறுவத் தனி ரிஸாலாவே எழுதினார். அவருக்கு முன் முஹம்மது அப்துஹு (ரஹ்) 1900களின் தொடக்கத்தில் தமது சிசிலிப் பயணக் குறிப்பில், பழங்காலப் படங்களை அறிவுச் சேமிப்பாகக் கருதலாம் என வாதிட்டார். இவற்றை ஏற்காத ஆலிம்களும் உள்ளனர். எனவே கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள களம் இது.

ஹுதா லுத்ஃபியின் படைப்புகளில் நமக்குத் தயக்கம் தருபவை உள. அவற்றை உரிய இடத்தில் கூறுவோம். ஆனால் தயக்கம் என்பது வாசியாதிருப்பதற்குக் காரணமாகாது. கண்டனம் செய்வதற்கும் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

2003: கெய்ரோவில் கண்டெடுத்தவை

கெய்ரோ நகரின் நடுவே, மோட்டார்ப் பழுதுபார்ப்புப் பட்டறைகள் நிறைந்த சந்துகளில் 1998இல் டவுன்ஹவுஸ் என்னும் கலைக்கூடம் தொடங்கப்பட்டது. அரசின் கலைக்கூடங்களுக்கு வெளியே இளம் எகிப்தியக் கலைஞர்கள் ஒன்றுகூடிய இடம் அது. ஹுதா லுத்ஃபியின் முக்கியமான கண்காட்சிகள் பல அங்கேயே நிகழ்ந்தன. 2003இல் நடந்த ஒன்றின் தலைப்பு 'கெய்ரோவில் கண்டெடுத்தவை'. தலைப்பே ஒரு பட்டியலின் மேலெழுத்துப் போல் அமைந்துள்ளது.

ஒரு நகரம் எதனை எறிகிறதோ அதனைக் கொண்டும் அந்நகரை அறியலாம். முகம் தேய்ந்த பொம்மை, பெயர் தெரியாத குடும்பத்தின் புகைப்படம், வாசனை தீர்ந்த அத்தர்க் குப்பி இவற்றுக்கு விலை இல்லை. மம்லூக் காலச் சாட்சிகள் விலையற்றதையும் எழுதினர்; ஏனெனில் எதை விடலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எழுதுவது மட்டுமே அவர்கள் கடமை. இப்படைப்புகளின் சிறப்பும் அந்தப் பணிவே. பொருள்களின் பழைமை மறைக்கப்படுவதில்லை. விரிசல் விரிசலாகவே நிற்கிறது.

இக்காலத்து அவருடைய படைப்புகளுள், செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் மரப் பாத அச்சுகளுக்கு வெள்ளி நிறம் தந்து, அவற்றின்மீது திக்ர் சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதிய தொகுதியும் உண்டு. பாதம் சம்பந்தப்பட்ட பொருளில் புனித வாசகமா என்று முஸ்லிம் உள்ளம் திடுக்கிடும். நாமும் திடுக்கிட்டோம். அல்லாஹ்வின் திருநாமம் எழுதப்பட்டவற்றை மிதிபடும் இடத்திலிருந்து காப்பது அதபின் பாலபாடம். அதே நேரத்தில், அச்சு என்பது செருப்பன்று. அது எவராலும் அணியப்படுவதில்லை. நடப்பவன் ஒவ்வொருவனின் நடையும் அதிலிருந்தே உருவம் பெறுகிறது. ஆன்மிகப் பாதையை 'ஸுலூக்', அதாவது நடத்தல், என்று அழைத்த மரபின் உருவகம் இதில் உள்ளது என்பதை மறுக்க இயலாது. உருவகம் ஆழமானதே. ஆயினும் அதே கருத்தை வேறொரு பொருளில் உரைத்திருந்தால் அதபும் ஆழமும் ஒருசேர நின்றிருக்கும் என்பதே நமது நிலைப்பாடு.

2008: பெண்களின் நெருக்கம்

அலெக்ஸாந்திரியாவின் பழைய அங்காடியில் 'ஸன்கத்துஸ் ஸித்தாத்' என்றொரு குறுகிய சந்து உண்டு. எகிப்திய வழக்கில் இதனை 'ஸன்இத் இஸ்ஸித்தாத்' என ஒலிப்பர். பெண்கள் நெருக்கியடித்துச் செல்லுமிடம் என்பது பொருள். துணி, மணி, ஒப்பனைப் பொருள்கள் விற்கும் அச்சந்தின் பெயரையே 2008ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு அவர் சூட்டினார்.

இத்தலைப்பின் முழுப்பொருளை உணர அவருடைய பழைய கட்டுரை ஒன்றை நாட வேண்டும். ஃபாஸில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து ஹிஜ்ரி 737 (கி.பி. 1336) இல் மறைந்த மாலிகி அறிஞர் இப்னுல் ஹாஜ் (ரஹ்) 'அல்மத்கல்' என்ற பெருநூலில் தம் காலத்து பித்அத்துகளைச் சாடினார். பெண்கள் கடைவீதிக்குச் செல்வதும், துணி வணிகரிடம் நின்று பேசுவதும், கிழமைக்கொன்றாக ஸியாரத்துகளுக்குச் செல்வதும் அவர் கண்டித்தவற்றுள் அடங்கும். இந்நூலை ஆராய்ந்து 1991இல் வெளியான கட்டுரையில் ஹுதா லுத்ஃபி ஒரு முக்கியமான முறையைக் கையாண்டார். கண்டிக்கப்பட்டவற்றின் பட்டியலை, நடந்தவற்றின் பட்டியலாக அவர் வாசித்தார். ஒருவர் ஒன்றை மீண்டும் மீண்டும் தடுக்கிறார் என்றால் அது மீண்டும் மீண்டும் நிகழ்ந்துகொண்டிருந்தது என்றாகிறது. நஸீஹத் நூலே சமூக வரலாற்றின் சாட்சியாகிவிடுகிறது. இமாம் ஸகாவீ (ரஹ்) தமது 'அள்ளவ்உல் லாமிஃ' நூலின் இறுதிப் பகுதியை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் வரலாற்றுக்கு ஒதுக்கியதை முன்னிட்டு 1981இலேயே அவர் எழுதிய ஆய்வும் இதே திசையைச் சார்ந்தது.

ஆக, 2008ஆம் ஆண்டுக் கண்காட்சி திடீரெனப் பிறந்ததன்று. பதினான்காம் நூற்றாண்டு நூலில் அவர் கண்ட கடைவீதிப் பெண்களே இருபத்தோராம் நூற்றாண்டின் சந்துக்குள் நெருங்கி நிற்கின்றனர். கடைகளில் துணி காட்டும் பொம்மை உடல்கள், ஒப்பனைக் குப்பிகள் இவற்றைக் கொண்டு அவர் கேட்ட வினா கூர்மையானது. பெண் சந்தைக்குப் பொருள் வாங்கச் சென்றாளா, அல்லது தானே பொருளாக்கப்பட்டாளா? இவ்வினாவில் பழைமைவாதிக்கும் நவீனத்துவவாதிக்கும் சம அளவில் பாடம் உண்டு. பெண்ணைச் சந்தையிலிருந்து அகற்ற விரும்பியவர் ஒருபுறம். அவளைச் சந்தையின் காட்சிப் பொருளாக்கியவர் மறுபுறம். இருவருமே அவளிடம் அவள் கருத்தைக் கேட்கவில்லை.

இங்கு நம் தயக்கங்கள் இரண்டு. முழு உருவப் பொம்மைகளைப் பயன்படுத்துவது குறித்து மேலே கூறிய ஃபிக்ஹு நிலையே நமது நிலை. மற்றொன்று கலை சார்ந்தது. பாடகி உம்மு குல்ஸூமின் முகம் இக்காலத்து அவர் படைப்புகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. கறுப்புக் கண்ணாடி அணிந்த அம்முகம் எகிப்தியர் அனைவரும் அறிந்தது. கிராமத்து இமாமின் மகளாகக் குர்ஆன் ஓதக் கற்றுத் தொடங்கி, 1975இல் மறைந்தபோது அரபுலகையே அழவைத்த ஒருவரின் வாழ்வு எளிய பொருளன்று. ஆனால் ஒரே முகம் வரிசை வரிசையாகப் பெருகும்போது அது சாட்சியத்திலிருந்து நழுவி அலங்காரமாகிவிடுகிறது. பெயரற்றவர்களுக்கு இடம் தரப் பிறந்த கலையில், ஏற்கெனவே பெரும்பெயர் பெற்றவர் அவ்விடத்தை நிரப்பிக்கொள்வது பொருத்தமாக நமக்குத் தோன்றவில்லை. சொத்துப் பட்டியலில் ஒரே செம்பை இருபது முறை எழுதிய சாட்சியை எந்தக் காஜி ஏற்பார்?

2010: பட்டியல் எழுதியவரைப் பட்டியலிடுதல்

'அவனை ஆணாக்குதல்' என்னும் பொருள்படும் தலைப்பில் 2010இல் நிகழ்ந்த கண்காட்சியே அவருடைய கலை வாழ்வின் உச்சம் என நாம் கருதுகிறோம். கெய்ரோ வீதிகளின் ஆண் உருவங்களே அதன் பொருள். அதுவரை பெண்களைப் பற்றிய கலைஞர் என்று அவரை வகைப்படுத்தியவர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய ஆய்வு முறையை அறிந்தோருக்கு இது எதிர்பார்க்கத்தக்க திருப்பமே. 'அல்மத்கல்' பெண்களைப் பற்றிப் பேசினாலும் பேசப்படுவது ஆண்களிடமே. உன் வீட்டாரை நீ ஒழுங்குபடுத்து என்று கணவனிடம் கூறும் நூல் அது. அவ்வாறாயின் அந்த ஆண் யார்? அவன் எப்படி உருவாக்கப்படுகிறான்? பட்டியல் எழுதுபவரைப் பற்றிய பட்டியல் எங்கே?

இந்த வினாவைக் கேட்டதில் ஒரு நீதி இருக்கிறது. ஆண்மை தோரணைகளால் ஆனது. நிற்கும் விதம், மீசை, சீருடை ஆகியன சிறுவன்மீது ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்படுகின்றன. ஒட்டுச் சித்திரம் என்ற உத்தி இவ்விடத்தில் வெறும் உத்தியாக நிற்கவில்லை. சொல்லப்படும் பொருளே ஒட்டுதல் ஆகிறது. நம் மத்ரஸாக்களில் 'ரஜுலிய்யத்' என்னும் சொல்லை வீரமாகவும் அதட்டலாகவும் விளக்குவோர் உண்டு. குர்ஆன் 'ரிஜால்' என்று புகழ்ந்துரைக்கும் இடங்களிலோ வாக்குறுதியை மெய்ப்படுத்தியவர்களும், வணிகம் இறைநினைவிலிருந்து திருப்பாதவர்களுமே பேசப்படுகின்றனர். இக்கண்காட்சி அந்த வசனங்களுக்கு விளக்கவுரையன்று. எனினும் அதனைப் பார்க்கும் ஆலிம் தம் வகுப்பறையை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது.

2013: சாட்சியும் ஷஹீதும்

2011 ஜனவரி 25 அன்று தொடங்கிய எழுச்சி கெய்ரோவின் சுவர்களை ஏடுகளாக்கியது. தஹ்ரீர் சதுக்கத்தையடுத்த முஹம்மது மஹ்மூத் வீதியில், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பழைய வளாகச் சுவரில், கொல்லப்பட்ட இளைஞர்களின் முகங்கள் தீட்டப்பட்டன. 2012இல் அதிகாரிகள் அவற்றின்மீது வெள்ளை பூசினர். இளைஞர்கள் மீண்டும் தீட்டினர். 2013 ஜூலையில் ஆட்சி கவிழ்ந்தது. ஆகஸ்ட் 14 அன்று ராபிஆ சதுக்கத்தில் பல நூறு உயிர்கள் மாய்க்கப்பட்டன. அதே 2013இல் ஹுதா லுத்ஃபி டவுன்ஹவுஸில் நடத்திய கண்காட்சியின் தலைப்பு 'வெட்டு, ஒட்டு'. அந்த மூன்றாண்டுகளின் படிமங்களே அதன் மூலப்பொருள்.

அரபு மொழியில் சாட்சி கூறுபவர் 'ஷாஹித்'. உயிர்த்தியாகம் செய்தவர் 'ஷஹீத்'. வேர் ஒன்றே. பார்த்தவருக்கும் மாய்ந்தவருக்கும் இடையேயுள்ள தூரம் ஒரு நெடில் இடம் மாறும் தூரமே. அந்த ஆண்டுகளில் கெய்ரோவில் பார்ப்பதே ஆபத்தாயிற்று. இக்கண்காட்சியின் துணிவை இப்பின்னணியில் மதிக்க வேண்டும்.

ஆயினும் கலையாக நோக்குகையில் அது 2010ஐ எட்டவில்லை. சொத்துப் பட்டியல் மரணத்தின் பின் எழுதப்படுவது. இறந்தவர் இன்னார், எஞ்சியது இன்னது எனத் தெளிந்த பின்னரே பேனா நகரும். 2013இலோ மரணம் நிகழ்ந்துகொண்டே இருந்தது. செய்திப் படங்கள் தம் வேகத்தைக் கலைஞரின் கையிலும் ஏற்றிவிட்டன. பழம்பொருள் சந்தையில் கிடைத்த பெயரற்ற புகைப்படம் நம்மைக் காத்திருக்கச் செய்கிறது. நேற்றைய நாளிதழ்ப் படம் நமக்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுகிறது. இது கலைஞரின் குறை என்பதைவிடக் காலத்தின் குறை எனலாம்.

மௌனம்: மறைத்தலா, பதிவா?

2015 இறுதியில் டவுன்ஹவுஸ் அதிகாரிகளின் சோதனைக்குள்ளாகி மூடப்பட்டது. 2016 ஏப்ரலில் அதன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. சித்திரங்கள் நிறைந்திருந்த பல்கலைக்கழகச் சுவரின் ஒரு பகுதியும் 2015இல் இடிக்கப்பட்டிருந்தது. ஹுதா லுத்ஃபியின் 2019ஆம் ஆண்டுக் கண்காட்சி அதே பழைய வளாகத்திலுள்ள தஹ்ரீர் பண்பாட்டு மையத்தில் நடைபெற்றது. அதன் தலைப்பு 'கனவுகள் மௌனத்தை அழைக்கையில்' என்பதாகும். வெளியே சுவர் பேசி ஓய்ந்த இடத்தில் உள்ளே மௌனம் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இங்கேதான் கடினமான வினா எழுகிறது. சாட்சியத்தை மறைக்காதீர் என்பது ஸூரத்துல் பகராவின் கட்டளை. மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்றும் அங்கு எச்சரிக்கப்படுகிறது. இருபதாண்டுகள் சாட்சியாக நின்ற கலைஞர் உறக்கத்துக்கும் கனவுக்கும் திரும்புவது அந்தக் கட்டளையிலிருந்து விலகுவதாகாதா?

நாம் நெடிது சிந்தித்தே விடை கூறுகிறோம். மௌனத்தில் இருவகை உண்டு. கேட்கப்பட்டும் சொல்லாதிருப்பது ஒன்று. சொல்ல இயலாது என்பதையே சொல்வது மற்றொன்று. முதலாவது மறைத்தல், இரண்டாவது பதிவு. பட்டியல் எழுதச் சென்ற சாட்சி அந்த இல்லத்தில் எதுவும் இல்லையெனக் கண்டால், எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த ஆவணமும் செல்லும். தலைப்பிலேயே மௌனத்தை அறிவித்த கண்காட்சி இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் இவ்விடையால் எல்லாக் காலத்துக்கும் தப்பிவிட முடியாது. வெற்றுத் தாளில் ஒருமுறை கையெழுத்திடலாம். அதுவே வழக்கமாகிவிட்டால் சாட்சியின் பதவி பொருளற்றதாகும். பின்னர் 2021இல் 'நமது கறுப்பு நூல்' என்ற கண்காட்சியில் அவர் ஊசியையும் நூலையும் கையிலெடுத்தது இதனால் நமக்கு ஆறுதல் தருகிறது. பசை இரண்டைச் சேர்க்கையில் சேர்ந்த இடம் மறைந்துவிடும். தையல் சேர்த்த இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். முரக்கஆ அங்கியின் ஒழுக்கமும் அதுவே.

வாரிசு யார்?

பட்டியல் எழுதப்படுவது வாரிசுகளுக்காக. மம்லூக் காலத்தில் முழு வாரிசு இல்லாதவரின் சொத்து பைத்துல் மாலுக்குச் சென்றது; எவருக்கும் தெரியாமல் மறைந்துவிடக் கூடாது என்பதற்காகவே சாட்சிகள் எழுதினர். அவ்வாறாயின் கெய்ரோவின் வீதிகள் விட்டுச் சென்ற பொருள்களுக்கு, ஹுதா லுத்ஃபியின் கையால் சட்டமிடப்பட்ட பின்னர், வாரிசு யார்?

கலைச் சந்தை இவ்வினாவுக்கு எளிய விடை வைத்திருக்கிறது: விலை கொடுப்பவர். துபையின் கலைக்கூடம் வழியாகவும் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் வழியாகவும் இவை உலகெங்கும் செல்கின்றன. இதனைக் குறை கூறுவதில் பயனில்லை. கலைஞரும் வாழ வேண்டும். அருங்காட்சியகம் பேணிக் காக்கவும் செய்கிறது. எனினும் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அப்புகைப்படத்தை விற்ற கிழவருக்கோ, அதில் இருக்கும் பெயரற்ற குடும்பத்தின் பேரர்களுக்கோ அக்கூடங்களின் வாயில் திறப்பதில்லை. வீதியிலிருந்து சாட்சியம் எடுக்கப்பட்டது. வீதிக்கு அது திரும்பவில்லை. அவருடைய கலையில் தீராமல் நிற்கும் முரண் இது. அதனை அவரால் மட்டும் தீர்க்கவும் இயலாது. பொதுவான பைத்துல் மால் ஒன்று கலைக்கும் வேண்டியிருக்கிறது. டவுன்ஹவுஸ் போன்ற கூடங்கள் ஓரளவு அப்பணியைச் செய்தன, அவையும் நிலைக்கவில்லை.

இவ்வரலாறு நமக்கும் ஒரு கடமையை நினைவூட்டுகிறது. நமது ஊர்களில் மூத்தோர் மறைந்ததும் அவர்களின் பெட்டிகளில் இருக்கும் அரபுத் தமிழ் ஏடுகளும், கப்பலில் வந்த கடிதங்களும், நிக்காஹ் பதிவுகளும் பழைய காகிதக் கடைக்குச் செல்கின்றன. நிலத்துக்கும் நகைக்கும் பங்கு கேட்டு வருவோருள் அவற்றைக் கேட்பவர் அரிது. ஃபராயிள் ஓதிக்கொடுக்கும் நாம், எட்டிலொன்றைக் கணக்கிடக் கற்பிப்பதோடு, எதில் எட்டிலொன்று என்பதைப் பார்த்து எழுதவும் மாணவருக்குக் கற்பித்தால் என்ன? ஒரு மாணவர் தம் பாட்டனாரின் பெட்டியைத் திறந்து, உள்ளிருப்பவற்றைத் தேதியிட்டு, இரு சாட்சிகளின் கையெழுத்துடன் பட்டியலிடட்டும். அதற்குக் கலைக்கூடம் வேண்டியதில்லை, கத்தரிக்கோலும் வேண்டியதில்லை.

ஹுதா லுத்ஃபி வெட்டிய உருவங்கள் சிலவற்றில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் எறியப்பட்டதன்முன் நின்று, இதுவும் ஒருவருடையது என்று எழுதும் அவரது பொறுமை, காஜியின் முன் நின்ற பழைய சாட்சிகளிடமிருந்து வந்தது. அது நம்முடைய மரபு. அதனை ஒரு வரலாற்றாசிரியர் கலைக்கூடத்துக்குள் கொண்டு சென்றார்; மத்ரஸாவிலும் அதற்கு இடமிருக்க வேண்டும். அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.